வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் சிறுதொழில்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் தயாராவது எப்படி?

ஒரு நடுத்தர நகைக்கடையின் நகைச்சீட்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு முகவரி, இரண்டு கைப்பேசி எண்கள், பிறந்த நாள், திருமண நாள், ஆதார் எண், நியமனதாரரின் பெயர், அவருடைய வயது என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். கூடவே ஆதார் அட்டையின் நகலும் பின் அடிக்கப்பட்டிருக்கும். கவுன்டரில் இருப்பவர் அந்தப் படிவத்தைக் கைப்பேசியில் படமெடுத்துத் தலைமைக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அங்கே இன்னொருவர் அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவார். அந்த எக்செல் கோப்பு, பிறந்த நாள் வாழ்த்துக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் வெளி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் போகும். சீட்டு முடிந்து வாடிக்கையாளர் நகையோடு வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் படம் குழுவில் இருந்த ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருந்துகொண்டே இருக்கும். இந்தியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தாளின் பயணமே போதும்.

கடை, கிளினிக், டியூஷன் சென்டர், சிறிய மென்பொருள் நிறுவனம், ஏற்றுமதித் தொழில் போன்றவற்றை நடத்துகிற, சட்டமோ கணினியோ படிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பலரும் முதலில் செய்வது, எங்கிருந்தாவது ஒரு தனியுரிமைக் கொள்கையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி இணையதளத்தில் போடுவதுதான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. தேவையில்லாமல் வைத்திருக்கும் விவரங்களைக் குறைப்பதுதான் முதல் வேலை, பெரிய வேலையும் அதுவே. அதைச் செய்யாமல் எழுதப்படும் எந்தக் கொள்கையும் உங்கள் கடையில் நடப்பதற்குப் பொருந்தாத பொய்யாகவே இருக்கும்.

சட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஒரு நிபுணர் குழு அறிக்கை, 2019இல் ஒரு மசோதா, 2022இல் அதைத் திரும்பப் பெற்றது என்று நீண்ட இழுபறிக்குப் பின், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை மூன்று கட்டங்களாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன. புகார்களை விசாரித்து அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது தொடர்பானவை உடனே அமலாகின. மக்கள் தாங்கள் தந்த ஒப்புதல்களை ஒரே இடத்தில் நிர்வகிக்க உதவும் ஒப்புதல் மேலாளர்களைப் பதிவு செய்வது தொடர்பானவை ஓராண்டில் வரும். வணிகங்களின் கடமைகள் தொடர்பான முக்கியப் பகுதி 18 மாதங்கள் கழித்து, அதாவது அந்தக் கணக்கின்படி 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்.

அதுவரை எந்தக் கடமையும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும் அந்த நாள் வரை உயிரோடு இருக்கின்றன. கடவுச்சொல், வங்கிக் கணக்கு விவரம், உடல்நலத் தகவல், கைரேகை போன்றவற்றை வைத்திருப்போருக்கு அவை இப்போதே பொருந்தும். இணையவழித் தாக்குதல்களைப் பற்றித் தெரிவிக்கும் கடமையும் 2022 முதலே இருக்கிறது; அதைப் பின்னர் பார்ப்போம்.

‘நாங்கள் சிறிய கடைதானே, எங்களுக்கும் இது உண்டா?’ என்று பலரும் கேட்கிறார்கள். உண்டு. இந்தச் சட்டத்தில் விற்றுமுதலையோ ஊழியர் எண்ணிக்கையையோ வைத்துத் தானாகக் கிடைக்கும் விலக்கு கிடையாது. ஸ்டார்ட்அப் உள்ளிட்ட சில வகை நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி அறிவிக்கை வேண்டும். தாளில் மட்டுமே இருக்கும் விவரங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்பது உண்மைதான். என்றாலும் அந்தத் தாளைப் படமெடுத்த நொடியிலேயே அது டிஜிட்டல் தரவாகிவிடுகிறது.

முதல் படி: எது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, கடைக்குள் வரும் ஒவ்வொரு விவரத்தையும் ஐந்து கேள்விகளோடு எழுதுங்கள்: யாருடையது, எதற்காக வாங்கினோம், எங்கெல்லாம் கிடக்கிறது, யார் யார் பார்க்க முடியும், எப்போது அழிப்போம். பில்லிங் மென்பொருள், டேலி, எக்செல் ஆகிய மூன்றோடு நின்றுவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுக்கள், பழைய ஊழியரின் கைப்பேசி, மேலாளரின் சொந்த மின்னஞ்சல், பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கணினியின் டவுன்லோட் கோப்புறை, சிசிடிவி பதிவுப் பெட்டி, விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி, மேசை இழுப்பறையில் பெயர் ஒட்டாமல் கிடக்கும் பென்டிரைவ் ஆகியவையும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். இப்படி எழுதி முடித்த எந்த முதலாளியும், நான் பார்த்தவரையில், தன் கடையில் இவ்வளவு இருக்கிறது என்று முன்பே அறிந்திருக்கவில்லை.

வேலையை விட்டுப் போன ஊழியரின் கைரேகை அந்தக் கருவியில் இன்னும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்காக ஊழியரின் விவரங்களைத் தனி ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 7 இடம் தருகிறது. ஆனால் வேலையே முடிந்த பிறகு கைரேகையை வைத்திருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

இரண்டாம் படி: கேட்பதையும் வைத்திருப்பதையும் குறையுங்கள்

மறுபடி அந்த நகைச்சீட்டுப் படிவத்துக்கு வருவோம். பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் வேண்டும். முகவரி, ரசீதுக்கு வேண்டும். நியமனதாரர் விவரம், சீட்டுக் கட்டுபவர் இறந்துபோனால் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்காக வேண்டும். திருமண நாள் எதற்கு? வாழ்த்து அனுப்புவதற்கு மட்டும்தான் என்றால் அது சீட்டுக்கான தேவை ஆகாது. தனியாகக் கேட்டு, விருப்பமுள்ளவர் மட்டும் தரும்படி வைக்க வேண்டும். தந்தை அல்லது கணவர் பெயரைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் அநேகமாக இருக்காது. பழைய படிவத்திலிருந்து நகல் எடுத்ததால் வந்த கட்டமாக இருக்கும். வருமான வரிச் சட்டப்படி பான் எண் வாங்க வேண்டிய தொகை என்றால் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆதார் அப்படியல்ல. வேறு சட்டம் கேட்காதபோது முழு ஆதார் நகலை வாங்கி அடுக்கிவைப்பது உங்களுக்கு நீங்களே தேடிக்கொள்ளும் ஆபத்து. அடையாளம் சரிபார்க்கத்தான் வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடலாம்.

இனி வாங்காமல் இருப்பது எளிது. ஏற்கெனவே சேர்ந்ததை அழிப்பதில்தான் தடுமாற்றம் வரும். நோக்கம் முடிந்ததும், அல்லது ஒப்புதலைத் திரும்பப் பெற்றதும், தரவை அழிக்க வேண்டும் என்பது பிரிவு 8 சொல்லும் விதி; வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் வைத்திருக்கலாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்கறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால் பில்லை அழிக்க முடியாது. பில்லோடு ஒட்டியிருக்கும் ஆதார் நகலை அழிக்கலாம். புதிய விதிகள் இன்னொரு பக்கமும் இழுக்கின்றன: தரவையும், அதை யார் எப்போது கையாண்டார் என்று கணினி குறித்துவைக்கும் லாக் பதிவுகளையும் செயலாக்கம் நடந்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் விதியும் வருகிறது. ஆகவே அழிப்பதற்கான கால அட்டவணையை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒருமுறை எழுதிக்கொண்டு, பிறகு அதன்படியே நடக்க வேண்டும். மனம் போனபடி இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று அழிக்கக் கூடாது.

மூன்றாம் படி: அறிவிப்பும் ஒப்புதலும், தமிழில்

ஒப்புதல் என்பது வற்புறுத்தல் இல்லாததாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, விவரம் அறிந்து தரப்பட்டதாக, நிபந்தனையற்றதாக, ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும். அந்த நபர் தெளிவான ஒரு செயலின் மூலம் அதைத் தர வேண்டும். முன்பே டிக் அடித்து வைக்கப்பட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது. சட்டமே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது: தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று, மருத்துவச் சேவைக்கும் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களைப் பார்ப்பதற்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது; பயனர் இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிட்டாலும், மருத்துவச் சேவைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் ஒப்புதல் மருத்துவச் சேவைக்கு மட்டுமே செல்லும்.

எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வேண்டும் என்பதும் இல்லை. மருந்துக் கடையில் ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி ஒருவர் தானாகவே எண்ணைத் தருகிறார் என்றால், அந்த எண்ணை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்று இன்னொரு எடுத்துக்காட்டு சொல்கிறது. அதே எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்ப அந்த எடுத்துக்காட்டு இடம் தரவில்லை. பில் போடும்போது ‘நம்பர் சொல்லுங்க’ என்று கேட்டு வாங்கிய எண்களை வைத்தே விளம்பரம் அனுப்பும் பழக்கம் நம்மூர்க் கடைகளில் வேரூன்றியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்புதல் கேட்கும்போது தர வேண்டிய அறிவிப்பு, மற்ற விதிமுறைகளோடு கலக்காமல் தனியாகப் படித்தாலே புரியும்படி எளிய நடையில் இருக்க வேண்டும். என்னென்ன விவரங்கள், எந்த நோக்கத்துக்காக, ஒப்புதலைத் திரும்பப் பெறுவது எப்படி, வாரியத்திடம் புகார் செய்வது எப்படி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். ஒரு தட்டலில் வாங்கிவிட்டு, வேண்டாம் என்பவரைத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லக் கூடாது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு மக்களுக்கு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதாவது உங்கள் வாடிக்கையாளர் தமிழில் கேட்டால் தமிழில் தந்தே ஆக வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அறிவிப்பை முதலிலேயே தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாத ஒன்றுதான் கிடைக்கும். ‘உங்கள் கைப்பேசி எண்ணைச் சீட்டுத் தவணையை நினைவூட்ட மட்டும் பயன்படுத்துவோம், சீட்டு முடிந்து சட்டம் சொல்லும் காலம் ஆனதும் அழித்துவிடுவோம்’ என்று இரண்டு வரியில் சொல்ல முடிந்ததை இருபது வரியாக்க வேண்டியதில்லை.

வழக்கு வந்தால், அறிவிப்புக் கொடுத்ததையும் ஒப்புதல் வாங்கியதையும் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எனவே எந்தத் தேதியில், எந்த அறிவிப்பைப் பார்த்து, எதற்கு ஒப்புக்கொண்டார் என்ற பதிவை வைத்திருங்கள். சட்டம் அமலாகும் முன்பே ஒப்புதல் பெற்ற பழைய வாடிக்கையாளர்களுக்கு, நடைமுறையில் இயன்ற விரைவில் புதிய அறிவிப்பை அனுப்ப வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்வரை தொடரலாம்.

டியூஷன் சென்டரும் விளையாட்டுப் பயிற்சி மையமும் நடத்துவோர் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 18 வயது நிரம்பாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள்தாம். சரிபார்க்கத்தக்க முறையில் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும், விதிகள் விலக்கு அளிக்கும் சில சூழல்களைத் தவிர, தடை செய்யப்பட்டுள்ளன.

நான்காம் படி: வெளியாட்களோடு எழுத்தில் ஒப்பந்தம்

குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம், கிளவுட் பில்லிங் மென்பொருள் தருபவர், சம்பளப் பட்டியல் போடும் அலுவலகம் எல்லாம் உங்கள் சார்பில் தரவைக் கையாள்பவர்கள். அவர்களிடம் கசிந்தாலும் சட்டத்தின் முன் நிற்பது நீங்கள்தான். வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் இது மாறாது. ஆகவே எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு கோப்பைக்கூட அனுப்பாதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள், கசிவு நேர்ந்தால் உடனே உங்களுக்குச் சொல்வது, வேலை முடிந்ததும் அழிப்பது ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பூட்டுகள்

சட்டத்தின் மிகப் பெரிய அபராதம் இங்கேதான். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை விதிக்கலாம். அது உச்சவரம்புதான், மீறலின் தீவிரம், எவ்வளவு காலம் நீடித்தது, திரும்பத் திரும்ப நடந்ததா, பாதிப்பைக் குறைக்க என்ன செய்தார்கள் என்பவற்றைப் பார்த்தே வாரியம் தொகையை முடிவு செய்யும்.

விதிகள் கேட்பவை வானத்தை வில்லாக வளைக்கும் வேலைகள் அல்ல. தரவைக் குறியாக்கம் செய்வது (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) அல்லது மறைப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்துவது, யார் எப்போது திறந்தார் என்ற லாக்கை ஓராண்டு வைத்திருப்பது, பேக்கப் எடுப்பது ஆகியவைதாம். கடையளவில் சொன்னால், நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லில் பில்லிங் மென்பொருளைத் திறக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு வேண்டும். மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஓடிபி போன்ற இரண்டாம் பூட்டைப் போடுங்கள். பேக்கப் ஒன்று கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருக்கட்டும். இணைந்தே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற தீய மென்பொருள் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஊழியர் விலகும் நாளிலேயே அவர் கணக்கை மூடி, வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்குங்கள்.

ஆறாம் படி: கசிவு நடந்தால்

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, ரான்சம்வேர், தரவுக் கசிவு, போலி இணையதள மோசடி போன்ற நிகழ்வுகள் கண்ணில் பட்ட 6 மணி நேரத்துக்குள் அக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். இது இப்போதே அமலில் உள்ளது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-4949. கணினி லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. இரண்டாவது கடிகாரம், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் அமலானதும் தொடங்கும்: கசிவு தெரிந்ததும் தாமதமின்றி வாரியத்துக்குச் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். சிறிய கசிவு, பெரிய கசிவு என்ற பாகுபாடு இல்லை. தெரிவிக்காமல் மறைத்தால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

நான் உதவிக்குப் போன ஓர் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பில்லிங் கணினி பூட்டிக்கொண்டது. பதறிய முதலாளி, வழக்கமாக வரும் கணினி மெக்கானிக்கை அழைத்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு மணி நேரத்தில் ஃபார்மேட் செய்து, புதிதாக எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். மாலையில் கடை திறந்துவிட்டது. ஆனால் யார் நுழைந்தார், எந்தக் கோப்பு வெளியே போனது, எத்தனை வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்ற கேள்விகளுக்கு இனி ஒருபோதும் விடை கிடைக்காது. அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் இதைச் சொல்லிவருகிறேன்: கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள், அணைக்காதீர்கள், ஃபார்மேட் செய்யவே செய்யாதீர்கள், திரையைப் படமெடுத்து நேரத்தைக் குறித்து வையுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தியின் வரைவை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, எப்போது, அதனால் அவருக்கு என்ன பாதிப்பு வரலாம், நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள், அவர் என்ன செய்துகொள்ள வேண்டும், யாரைக் கேட்கலாம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்கே போகிறது. இழப்பீடு கேட்க வழிசெய்த 43ஏ பிரிவும் நீக்கப்படவிருக்கிறது. இது சட்டத்தின் பெரும் குறை என்றே நான் கருதுகிறேன். அதனாலேயே, உங்களிடமிருந்து வரும் அந்தச் செய்தி விரைவாகவும் உண்மையாகவும் இருப்பதுதான் அவர் தன்னைக் காத்துக்கொள்ள இருக்கும் ஒரே வழி.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்போது

இந்தியாவில் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டவை வழிகாட்டு நெறிகள்தாம். ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கேயும் வந்து நிற்கும். வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ ஒட்டி, ‘யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பிரித்துத் தா’ என்று கேட்டால், அந்த விவரங்களை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். இலவசக் கணக்குகளில் உள்ளிடுவது மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படக்கூடும். பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு வரிசை எண்ணை மட்டும் வைத்துக் கேட்டாலே பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். வேலைக்கு விண்ணப்பித்தவர்களை மென்பொருளே வடிகட்டுகிறது என்றால் இன்னொரு கடமையும் சேர்கிறது: ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் முரணின்றியும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். ஆகவே கடைசி முடிவை ஒரு மனிதர் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து தரும் கோவை, சென்னை நிறுவனங்கள் கவனிக்க: வெளிநாட்டு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தப்படி வெளிநாட்டில் உள்ளவர்களின் தரவை இங்கே கையாளும்போது இந்தியச் சட்டத்தின் பெரும்பாலான கடமைகள் விலக்கப்பட்டிருந்தாலும், பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான கடமை அப்படியே இருக்கிறது. அதோடு, 2018 மே 25 முதல் அமலில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் நிபந்தனைகளும் ஒப்பந்தத்தின் வழியே உங்களிடம் வந்துசேரும். பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை முகத்திலிருந்து கணிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு அல்லாமல் பயன்படுத்துவதை ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது; அப்படி ஒரு மென்பொருளை எழுதித் தரச் சொல்லி ஆர்டர் வந்தால், ஒப்புக்கொள்ளும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கடைசியாக, பொறுப்பாளர்

தரவைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவரின் தொடர்பு விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும், தனக்குப் பின் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை வருகிறது. குறைகளுக்கு அதிகபட்சம் 90 நாட்களுக்குள் தீர்வு தர வேண்டும். பெரிய நிறுவனங்களைப் போலத் தனி அதிகாரி நியமிக்க வேண்டியதில்லை. முதலாளியோ, நம்பகமான மேலாளரோ போதும். முதல் படியில் எழுதிய நோட்டு அவரிடம் இருக்கட்டும். அவருடைய பெயரையும் எண்ணையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதி, பில் போடும் கவுன்டரில் வாடிக்கையாளர் கண்ணில் படும் பக்கமாக ஒட்டிவையுங்கள்.